வெள்ளை நாயின் இலக்கணம்

என் மூத்த பேரன் ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் பொறியாளனாகப் பணியாற்றி வருகிறான். சென்ற தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னர் அவனிடமிருந்து வந்த கடிதத்தில், நலம் விசாரித்த வரிகளுக்கு அடுத்து ஒரு வினா இருந்தது. "தாத்தா, தங்கள் கொள்ளுப்பேத்தி ஒரு வெள்ளை நாய்க்குட்டி வேண்டுமென்று ஓராண்டாகக் கேட்டு வருகிறாள். இந்நாட்டிலேயே தோன்றிய வெஸ்ட் ஹைலண்டு ஒயிட் டெரியர் என்னும் சிறு நாயினம் அது. இலக்கணம் குன்றாத குட்டியாகப் பார்த்து வாங்குமாறு இங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்கள். அவ்விலக்கணத்தின் படி ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். நம் வீட்டார் இப்படிப்பட்ட நாயை விலை கொடுத்து வாங்குவது முறையாகுமா?"

முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லும் யாப்பும் கற்பித்தவன் நான். நாய்க்கும் ஒரு நூற்பா உண்டு என்பதை இந்த வயதில்தான் அறிந்தேன். முதலில் நகைத்தேன், பின்னர் இரண்டு மூன்று முறை ஊன்றிப் படித்தேன். படித்த பிறகு நகைப்பு நீங்கிவிட்டது. அவன் கேட்டது ஒரு வீட்டின் கேள்வி போலத் தோன்றினும், அதனுள்ளே பெரிய கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது. ஓர் உயிர் இன்ன வடிவில் இருக்க வேண்டும், இன்ன குணத்தோடு பிறக்க வேண்டும் என்று மற்றோர் உயிர் விதி எழுதலாமா? எழுதினால் அதன் பொறுப்பு யாரைச் சாரும்?

இனி, அந்த இலக்கணம் சொல்வதைக் காண்போம். நாயின் உயரம் தோள்முனையில் ஏறத்தாழ 11 அங்குலம் இருத்தல் வேண்டும். மார்பு ஆழ்ந்தும் முதுகு நேராகவும் அமைய வேண்டும். கண்கள் இயன்றவரை கருமையாய், ஒன்றுக்கொன்று அகன்று, சற்றே உள்வாங்கியவையாய் விளங்க வேண்டும். வெளிறிய கண் பெருங்குறை. செவிகள் சிறியனவாய், கூர்முனையோடு, தளராமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். பற்கள் உடலளவுக்கு மிஞ்சிய பெரும் பற்களாக இருக்கலாம். வால் 5 முதல் 6 அங்குலம். நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். முதுகின் மேல் வளையலாகாது. எக்காரணத்தாலும் அதனை வெட்டலாகாது. மயிர் இரண்டு அடுக்கு: மேலடுக்கு 2 அங்குல நீளமும் முரட்டுத்தன்மையும் உடையது, உள்ளடுக்கு குறுகி மென்மையானது. நிறம் வெண்மை, வெண்மை ஒன்றே. மூக்கு மட்டும் கருப்பு.

குணத்துக்கும் தனியே விதி உண்டு. விழிப்பு, களிப்பு, துணிவு, தன் காலில் நிற்கும் இயல்பு, ஆயினும் பிறரோடு நட்பு என்று அது வரையறுக்கிறது. அதற்கும் முன்னதாக, இந்நாய்க்குத் தன்னைப் பற்றிய மதிப்பு சிறிதளவன்று, நிரம்பவே இருத்தல் வேண்டும் என்கிறது. இதனைப் படித்தபோது நான் சற்றுத் திகைத்தேன். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானத்தை ஒழிக்கவே நாம் வாழ்நாளெல்லாம் போராடுகிறோம். இங்கே ஒரு சிறு நாய்க்கு அது தகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது! இதற்குப் பின்னர் வருவேன்.

விலங்குகளுக்கு இலக்கணம் வகுப்பது மேனாட்டார் மட்டுமே கண்ட முறையன்று. குதிரைக்கும் யானைக்கும் நம் நாட்டில் சாத்திரங்கள் இருந்தன. எங்கே விலங்கு மனிதனுக்குப் பயன்படுகிறதோ அங்கேதான் இலக்கணம் பிறக்கிறது. படை நடத்திய அரசனுக்குக் குதிரையின் சுழியும் யானையின் தந்தமும் முக்கியமாயின. தெருவில் திரிந்த கழுதைக்குச் சாத்திரம் எழுத யாரும் மெனக்கெடவில்லை.

இந்த வெள்ளை நாய்க்கும் அவ்வாறே. டெரியர் என்னும் சொல் மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. மண்ணுக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்கென்று வளர்க்கப்பட்ட நாய் என்பது பொருள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையாகிய ஆர்கைல் பகுதியில் பாறைகள் குவிந்து கிடக்கும். அவற்றின் இடுக்குகளில் நரியும், வளைக்கரடியும், நீர்நாயும் பதுங்கும். பெரிய நாய் அங்கே நுழைய இயலாது. ஆகவேதான் 11 அங்குல உயரம். வளைக்குள் எதிர்த்துக் கடிக்கும் விலங்கைத் தாங்குவதற்காகத்தான் முரட்டு மயிர். மண் விழாதிருக்கவே கண் உள்வாங்கியிருக்கிறது. பற்கள் பெரியவை எதற்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வால் ஏன் வெட்டப்படவில்லை என்றால், வளைக்குள் சிக்கிக்கொண்ட நாயை வெளியே இழுக்க அதுவே கைப்பிடியாக இருந்தது என்பர். அழகு என்று இன்று கண்காட்சியில் மெச்சப்படும் உறுப்புகளில் பெரும்பாலானவை கொலைத் தொழிலுக்கு வாய்த்த கருவிகள்.

நிறம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு வேறொரு கதை உண்டு.

ஆர்கைலில் போல்டாலக் என்னும் பெருநிலத்துக்கு உரியவராயிருந்தவர் கர்னல் எட்வர்டு டொனால்டு மால்கம். அவரிடம் செம்பழுப்பு நிறத்தில் ஒரு டெரியர் இருந்தது. அவருக்கு மிகவும் விருப்பமான நாய். ஒருநாள் வேட்டையில், புதரினின்று வெளிப்பட்ட அந்நாயை நரியென்று கருதிச் சுட்டுவிட்டார். நாய் இறந்தது. அன்று முதல் நரியின் நிறத்தோடு மயங்காத வெள்ளை நாய்களை மட்டுமே வளர்ப்பதென்று அவர் முடிவு செய்தார். இவ்வாறு அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். செவிவழிச் செய்தியே ஆயினும், இவ்வினத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை.

இக்கதையைப் பலரும் அன்பின் கதையாகச் சொல்கிறார்கள். அன்பு இல்லையென்று நானும் கூற மாட்டேன். தன் கையால் இறந்த நாயின் அருகே அவர் மனம் வருந்தியே நின்றிருப்பார். ஆயினும் அந்த வருத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. நரி என்றால் கொல்லலாம், நாய் என்றால் ஆகாது என்ற பிரிவினையையும் அவர் ஆராயவில்லை. மனிதனின் பிழைக்கு நாயின் தோலில் திருத்தம் செய்யப்பட்டது. குற்றம் விரலில் இருந்தது. அடுத்து வந்த தலைமுறைகளெல்லாம் அதற்காக நிறம் மாறின. நம் வாழ்விலும் இது நிகழ்வதில்லையா? நம் சினத்தைக் குறைத்துக்கொள்வதை விட்டு, சினம் மூட்டாத வேலையாள் வேண்டுமென்று தேடுகிறோம். மருமகளை மாற்ற முனைகிறோம், மாமியார் மாறுவதில்லை. (இவ்வரியைப் படித்து என் இல்லத்தரசி என்ன சொல்வாளோ!)

அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கீழ்க்கரையில், ஃபைஃப் பகுதியில், டாக்டர் ஃபிளாக்ஸ்மன் என்பவர் கருநிற ஸ்காட்டிஷ் டெரியர்களை வளர்த்தார். அவரிடமிருந்த ஒரு பெண் நாய் எந்த ஆணோடு சேர்ந்தாலும் வெள்ளைக் குட்டிகளையும் ஈன்றது. வெண்மை அங்கே இலக்கணப் பிழை. இருபதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் குட்டிகளை நீரில் அமிழ்த்திய பிறகுதான், இது பிழையன்று, முன்னோரிடமிருந்து வரும் பழைய நிறம் என்று அவர் கருதத் தொடங்கினாராம். பின்னர் அவரே வெள்ளை நாய்களைப் பேணி வளர்த்துப் பெயர் பெற்றார். அந்த இருபது குட்டிகளை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு மனிதர் தம் கருத்தை மாற்றிக்கொள்வதற்கு அவை விலையாயின. சில திங்கள் பிந்திப் பிறந்திருந்தால் அவையே பரிசு பெற்றிருக்கும்.

இந்த வெள்ளை டெரியருக்குக் கெய்ர்ன் டெரியர் என்று ஒரு நெருங்கிய உறவினம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டையும் கலந்தே வளர்த்தனர். ஒரே தாயின் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் வெள்ளையானவை ஓர் இனமாகவும், மற்றவை வேறோர் இனமாகவும் ஏட்டில் பதியப்பட்டன. 1917-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இதற்குத் தடை விதித்தது. மூன்று தலைமுறைக்குள் கெய்ர்ன் கலப்பு இருந்தால் அந்த வெள்ளை நாயைப் பதிய மறுத்தது. இன்று கெய்ர்னின் இலக்கணம் வெள்ளை தவிர வேறு எந்நிறமும் ஆகலாம் என்கிறது. மற்றதன் இலக்கணம் வெள்ளை தவிர எதுவும் ஆகாது என்கிறது. உடன்பிறந்தாரிடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டுவிட்டது.

இலக்கணம் வகுத்தோர் பக்கத்தில் நியாயமே இல்லையா என்று கேட்பீர்களானால், உண்டு. 1873-இல் இலண்டனில் நிறுவப்பெற்ற கென்னல் கிளப் இவ்விலக்கணங்களை ஓரிடத்தில் வைத்துக் காத்து வருகிறது. அளவு இன்னது என்று எழுதி வைக்காவிடில், சிறிய நாய் வேண்டுவோர் அதனை இன்னும் சிறிதாக்கி, உள்ளங்கையில் அடங்கும் நோயாளியாக்கிவிடுவர். குணம் இன்னது என்று எழுதி வைக்காவிடில், அழகைக் கண்டு மயங்கிக் கடிநாயை வீட்டுக்குக் கொண்டுவருவர். இந்த வெள்ளை டெரியரின் இலக்கணம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் நிதானமானதே. மூக்கைச் சப்பையாக்கி மூச்சை அடைக்கவில்லை. காதையோ வாலையோ கத்தரிக்கச் சொல்லவில்லை. வேறு டெரியர்கள் பலவற்றுக்கு வால் வெட்டுவது வழக்கமாயிருந்து, 2007-இல்தான் பிரித்தானியாவில் சட்டத்தால் அது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. 2008-இல் பி.பி.சி. தொலைக்காட்சி, தூய இன நாய்களின் நோய்களை ஒரு படத்தில் காட்டியது, நாடே கொதித்தது. அதன்பின் கென்னல் கிளப் தன் இலக்கணங்கள் அனைத்தையும் திருத்தி, உடல்நலத்துக்கு ஊறு செய்யும் மிகைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொன்றின் முகப்பிலும் சேர்த்தது. ஆகவே அவர்களை இரக்கமற்றோர் என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

எனினும் எழுதாமல் விடப்பட்ட ஒன்று உண்டு. இலக்கணத்துக்குப் பொருந்திய சில நாய்களையே மீண்டும் மீண்டும் பெற்றோராக்குவதால் குருதி வட்டம் குறுகுகிறது. இவ்வினத்துக்குச் சில நோய்கள் நிழல்போல் தொடர்கின்றன. தோல் ஒவ்வாமை மிகுதி. சொறிந்து சொறிந்து அந்த வெண்மையே செந்நிறமாகிவிடும். முதுமையில் நுரையீரல் இறுகி மூச்சுவிடத் திணறும் நோய் ஒன்று இவ்வினத்தில் வெகுவாகக் காணப்படுவதால், அதற்கு இந்நாயின் பெயரையே வைத்துவிட்டனர். மூன்று நான்கு திங்கள் குட்டிகளுக்குத் தாடை எலும்பு தடித்து வாயைத் திறக்க இயலாமற்போகும் நோயும் உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2016-இல் கண்டுபிடித்தார்கள். வெண்மைதான் இவற்றுக்கெல்லாம் காரணம் என்று சொல்லிவிடலாகாது, அது பிழையாகும். ஒரு வடிவத்தைக் காப்பதிலேயே கண்ணாயிருந்து, அவ்வடிவத்துக்குள் இருக்கும் உயிரைப் பாராமல் விட்டதுதான் இங்கே கருத வேண்டியது.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்தை நம் ஆசாரியர்கள் விளக்குகையில், கொல்லாதிருந்தால் போதும் என்று நிறுத்தவில்லை. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் ஆகிய ஐந்தையும் அவ்விரதத்தின் அதிசாரங்கள் என்றனர். இவ்வைந்தும் பெரும்பாலும் வீட்டு விலங்குகளையே நோக்கியவை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி மாடும் பொதிக் கழுதையும் கண்முன் நின்ற காலத்தில் சொன்னவை. ஆனால் பாரம் என்பது முதுகில் ஏற்றுவது மட்டும்தானா? பிறக்கும் முன்னரே உடலுக்குள் எழுதிவிட்ட ஒரு விருப்பமும் பாரமே என்று எனக்குத் தோன்றுகிறது. அதனை இறக்கி வைக்க அந்த உயிரால் இயலாது. தாடை திறவாத குட்டியின் முன்னே பால் வைத்திருக்கிறது. யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் அது உண்ண முடியவில்லை. உணவைத் தடுத்தவர் யார் என்று தேடினால், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு கண்காட்சி மேடைக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

இனி, மானத்தைப் பற்றி. அந்த நாய் தலை நிமிர்ந்து நடப்பதைக் கண்டு அதற்குத் தன்மதிப்பு மிகுதி என்று எழுதினார்கள். நாயின் உள்ளத்தில் இருப்பது எது என்று அறுதியிட நான் துணியேன். தன்னைவிடப் பெரிய விலங்கின் வளைக்குள் இருளில் தனியே புகும் உயிருக்கு அந்த நிமிர்வு தேவையாயிருந்திருக்கும். ஆனால் மானம் உறுதியாக இருக்கும் இடம் ஒன்றை நான் சுட்டிக்காட்ட முடியும். அது கயிற்றின் மறுமுனை. அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் நீக்கச் சொல்லும் எண்வகைச் செருக்கில் குலமும் சாதியும் வடிவும் இடம்பெறுகின்றன. தந்தை வழியைக் குலம் என்றும் தாய் வழியைச் சாதி என்றும் உரைகாரர்கள் பிரிப்பர். தூய இன நாயோடு விற்பவர் கொடுக்கும் சான்றிதழில் இருப்பவையும் இவைதாம்: தந்தையின் வரிசை ஒரு பக்கம், தாயின் வரிசை ஒரு பக்கம். வடிவுக்குப் பரிசு தருவது கண்காட்சி. 1990-லும் 2016-லும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் தலைமைப் பரிசை இந்த வெள்ளை டெரியர்கள் பெற்றன. கோப்பையை வீட்டில் வைத்துக் கொண்டாடியது நாயா?

நாயின் பழைய தொழிலோ இன்று ஏறக்குறைய முடிந்துவிட்டது. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2002-இல் ஸ்காட்லாந்தும், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தும் வேல்சும் கடுமையாகக் கட்டுப்படுத்தின; 2023-இல் ஸ்காட்லாந்து அதனை இன்னும் இறுக்கியது. வேட்டை போயிற்று, வேட்டைக்கு வார்த்த துணிவு போகவில்லை. இன்று அது கூடத்தில் மெத்தை மேல் அமர்ந்து சன்னல் வழியே அணிலைப் பார்த்துக் குரைக்கிறது. குரைக்கிறதே என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். விழிப்பும் துணிவும் வேண்டுமென்று எழுதியவர்களும் மனிதர்களே. அவை இருக்கின்றனவே என்று வருந்துவோரும் மனிதர்களே.

விலங்குகதியில் பிறந்த உயிர் வெறும் கருவியன்று என்பது நம் மரபு. மனமுடைய ஐயறிவு விலங்கு நற்காட்சி பெறலாம். அணுவிரதங்களையும் ஏற்கலாம் என்கின்றன நம் ஆகமங்கள். சீவக சிந்தாமணியில் அந்தணர் அடித்து வீழ்த்திய நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பிற்காலத்தில் அவன் உயிரையே காத்தது. அந்தச் செவி நிமிர்ந்த செவியா தொங்கிய செவியா என்பதால் கதை திரும்பவில்லை. கேட்கும் செவியாக இருந்தது, அவ்வளவே. இலக்கணத்தில் குணத்தைப் பற்றிய பகுதியை நான் மதிப்பதும் இதனால்தான். நட்பு, களிப்பு, விழிப்பு என்று எழுதியவர், தம்மை அறியாமலேயே, அங்கே ஓர் உள்ளம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

பேரனுக்கு நான் எழுதிய விடை நீளமானது. அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். நாயை வீட்டில் வைத்துப் பேணுவதில் குற்றமில்லை; இலக்கணத்தை வாங்கப் போகாதே, உயிரை ஏற்கப் போ என்று எழுதினேன். குட்டியை விற்பவரிடம் பரிசுகளைக் கேட்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல். அதன் தோலைத் தொட்டுப் பார். தாடை நோய்க்குச் சோதனை செய்தார்களா என்று கேள். அந்த வழியில் பத்து வயது கடந்த நாய்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று கேள். காது நிமிராத குட்டிகள், நிறத்தில் குறைந்த குட்டிகள் என்ன ஆயின என்றும் கேள். இக்கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் வாங்காதே. இவையெல்லாவற்றுக்கும் மேலாக, கைவிடப்பட்ட நாய்களைக் காக்கும் இல்லங்கள் அந்நாட்டில் பல உண்டு. குழந்தையை முதலில் அங்கே அழைத்துச் செல்.

தை மாதம் மறுகடிதம் வந்தது. காப்பகம் ஒன்றில் ஏழு வயதுப் பெண் நாய் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். முதிய உரிமையாளர் இறந்துவிட்டதால் அங்கே வந்து சேர்ந்ததாம். இடது காது சற்றுச் சாய்ந்திருக்கிறது. தோல் நோய்க்காக வாரம் ஒருமுறை மருந்து நீரில் குளிப்பாட்ட வேண்டும். குழந்தை அதனருகே அரைமணி நேரம் தரையில் அமர்ந்திருந்தாளாம். நாய் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்து, பிறகு மெல்லத் திரும்பி அவள் காலணியை முகர்ந்ததாம். அழைத்து வருவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

அதே கடிதத்தின் அடியில் அடுத்த கேள்வியும் இருக்கிறது. "தாத்தா, அதற்கு என்ன உணவு கொடுப்பது?" ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்று 2013-இல் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். தாவர உணவாலேயே முழுமையாக அமைந்த நாயுணவும் அந்நாட்டில் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஆனால் இந்நாய் தோல் நோயாளி. ஏழு ஆண்டுகளாக வேறு உணவு உண்டு பழகியது. நம் விரதத்தை அதன் வயிற்றில் ஏற்றுவதும் அளவுக்கு மீறிய பாரமாகிவிடுமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கால்நடை மருத்துவரைக் கண்டு அவர் சொல்வதை எழுதும்படி அவனைக் கேட்டிருக்கிறேன். அக்கடிதம் இன்னும் வரவில்லை.